நன்னூல் பாயிரமும் நம் கல்லூரிப் பிள்ளைகளும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். நானும் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. அதனால் உறவுப் பெருமை பேச வந்துவிட்டான் என்று யாரும் எண்ண வேண்டாம். நன்னூற் பாயிரத்தில் ஓரிடத்தைக் குறை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் உண்ட வீட்டைக் குறை சொல்லுமுன் உண்டதைச் சொல்வது முறை.

எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் 55 நூற்பாக்களில் ஒரு பொதுப்பாயிரம் இருக்கிறது. நூல் எப்படி அமைய வேண்டும், சொல்லிக் கொடுப்பவன் எப்படி இருக்க வேண்டும், கேட்பவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று முழுக்க இதே பேச்சு. பள்ளியில் மார்க்குக்காக உருப்போட்டுவிட்டு மறந்துபோகிறோம். இந்நூலைச் செய்வித்தவன் சீயகங்கன், கங்கர் குலத்துச் சிற்றரசன், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். அவன் பட்டப்பெயரில் வரும் குவளாலபுரம் நம் கோலார்தான். பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். தமிழ் இலக்கணத்துக்கும் நமக்கும் தூரம் அதிகம் என்று இங்கே வளர்ந்த பிள்ளைகள் சொல்லும்போது இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். தமிழுக்காக மட்டும் வருகிறார்கள் என்று சொன்னால் அது பொய். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும், வைவாவில் வாய் திறக்க வேண்டும், இன்டர்வியூவில் தடுமாறக் கூடாது. இதற்கெல்லாம் பட்டுநூல் வியாபாரி என்ன சொல்லித்தர முடியும்? என் இங்கிலீஷ் சிக்பேட்டை இங்கிலீஷ். ஆனால் பவணந்தியார் எண்ணும் பத்துக் குற்றங்களும் எந்த ஒரு மொழிக்கும் உரியவை அல்ல. ஆர்டர் எழுதும் கடிதத்தில் நூலின் நயம், எடை இரண்டில் ஒன்றை விட்டால் சரக்கு மாறி வரும். அதுதான் குன்றக் கூறல். இந்தக் குற்றத்துக்குக் கைக்காசு கொடுத்துத் தண்டனை அனுபவித்தவன் நான்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு பெண் சென்ற ஆண்டு தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். விசைத்தறியில் பாவு இழை அறுந்தால் தறி தானே நிற்கும்படி ஒரு கருவி செய்திருக்கிறாள். நல்ல வேலை. ஆனால் 60 பக்கத்தில் கருவி முதன்முதலாகத் தலைகாட்டுவது 23ஆம் பக்கத்தில். அதற்குமுன் வேக்யூம் ட்யூப் காலத்திலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் வரலாறு, நெசவின் பெருமை, நாட்டின் பொருளாதாரம். முதல் அத்தியாயம் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கியது என்று அவளே ஒப்புக்கொண்டாள். இலக்கணம் பிசகாத, வழவழவென்ற இங்கிலீஷ். பவணந்தியார் இதற்கு 'மற்றொன்று விரித்தல்' என்று பெயர் வைத்து எண்ணூறு வருஷம் ஆகிறது. பின்பகுதியோ தேய்ந்துகொண்டே போய், எடுத்த சோதனைகள் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது.

"ஏம்மா, இதை மூடி வை. நீ என்ன செஞ்சேன்னு எனக்குச் சொல்லு" என்றேன். தமிழும் கன்னடமுமாகப் பத்து நிமிஷத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சொல்ல வந்தது அவளிடம் இருந்தது, காகிதத்தில்தான் இல்லை.

பாயிரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் சொல்வதைக் கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. கல்வியில் சரிபாதியை வாய்க்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் ஒதுக்கிவிட்டார் மனிதர். நம் கல்லூரிகளிலோ நாலு வருஷமும் அந்தக் கால் பங்கிலேயே கழிகிறது. கடைசி வருஷம் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று தனியாகக் காசு கட்டிக் கையை எப்படிக் குலுக்குவது, எப்படிச் சிரிப்பது, 'உன் பலவீனம் என்ன' என்று கேட்டால் எந்தப் பதிலை ஒப்பிப்பது என்று பழக்குகிறார்கள். சொன்னதைச் சொல்லும் கிளியைப் பாயிரம் இடைமாணாக்கர் வரிசையில் வைக்கிறது. நானாக இருந்தால் இன்னும் ஒரு படி இறக்கியிருப்பேன்.

அந்தப் பெண்ணைத் தொட்டபல்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவரிடம் அனுப்பினேன். அவரிடம் கன்னடத்தில் விளக்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இழை அறுந்ததும் தறி அங்கேயே நிற்குமா, நாலு ஊடை அடித்த பிறகு நிற்குமா? நாலு ஊடை போனால் சேலையில் கோடு விழும், அப்புறம் கருவி இருந்து என்ன? அவளுக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. திரும்பிப் போய் இரண்டு வாரம் அளந்தாள். ரிப்போர்ட் 34 பக்கமாக இறங்கியது. அந்தக் கேள்வியும் விடையும் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிட்டன. வினாவுதலையும் விடை சொல்லுதலையும் கற்கும் முறைகளிலேயே சேர்த்தவர் பவணந்தியார்.

இனிக் குறைக்கு வருகிறேன். பாடம் சொல்லத் தகாதவர் என்று பாயிரம் ஒரு நீளமான பட்டியல் தருகிறது. குடியன், சோம்பேறி, திருடன் சரி. நோயாளியும் அதில் இருக்கிறான், அதுவே எனக்கு உறுத்தல். கடைசிப் பக்கமாக, பழைய நூல்களைக் கண்டு பயந்து மனம் தடுமாறுகிறவனும் வருகிறான். நூல் செய்யும் புலவனை உருவாக்கும் கல்விக்கு இந்த வடிகட்டல் தேவை என்று உரையாசிரியர்களை வைத்துச் சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் அந்தத் தடுமாறுகிறவன் நான்தான். 1979ல் தமிழ் மீடியத்திலிருந்து பி.காம். சேர்ந்தேன். முதல் டெர்மில் நான் எழுதிய இங்கிலீஷ் விடையை ஓர் ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிரிப்பு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பிப் போகவில்லை. மாமாவின் பட்டுநூல் கடைக்குப் பெங்களூர் வந்து சேர்ந்தேன். பதினைந்து வருஷம் கழித்து ஆறுமுக நாவலர் காண்டிகையுரையைக் கடைக் கல்லாவில் வைத்துப் படித்தபோது இந்த இடம் வந்தது. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி திறக்க ஒரு மாதம் ஆயிற்று.

பயந்தவனை வெளியே நிறுத்துகிற அதே பாயிரம், ஆசிரியனாகத் தகாதவனையும் காட்டுகிறது என்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். கழற்காய் போட்ட குடம் ஓர் உவமை: போட்ட வரிசையில் கொட்டாது, எது முந்தி விழும் என்று சொல்ல முடியாது. பஞ்சு அடைத்த குண்டிகை இன்னொன்று: கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பயத்தில் பாதி இப்படிப்பட்ட குடங்களிடம் பாடம் கேட்டதால் வந்தது என்பேன். அப்படியிருக்க, மாணவன் பட்டியலில் மட்டும் பயத்தை அவன் குணமாக எழுதிவிட்டார் முனிவர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. இன்றைக்கு எழுதவும் பேசவும் உதவி கேட்டு வருகிற பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் அந்தப் பட்டியல்காரர்கள்தாம். அவர்களை நீக்கிவிட்டால் யாருக்கு வகுப்பு?

அந்தப் பெண் இப்போது தன் தம்பியைக் கூட்டி வருகிறாள். டிகிரி முதல் வருஷம். எழுதியதைக் காட்டச் சொன்னால் நோட்டைக் கையால் மறைப்பான். நான் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் வாயே திறக்காதவன் போன ஞாயிறு, "கழற்காய்னா என்ன தாத்தா?" என்று கேட்டான். சொல்லிப் புரிய வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. திங்கட்கிழமை சிட்டி மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். சின்ன வாய்ச் சொம்பு ஒன்றும் எடுத்து வைத்தாயிற்று. வருகிற ஞாயிறு அவன்தான் மற்றவர்களுக்குக் கொட்டிக் காட்ட வேண்டும்.