வாங்குதல் என்னும் சொல்

'வாங்குதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல உண்டு. வில்லை வளைத்தலும் வாங்குதலே; அடிபடுதலும் வாங்குதலே; ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்குகிறான். கடைக்குச் சென்று ஒருவன் நூல் வாங்குகிறான். அண்டை வீட்டுக்குச் சென்று அவனே கடன் வாங்குகிறான். முன்னதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பின்னதைத் தந்தே ஆகவேண்டும். ஒரே வினைச்சொல் இரண்டுக்கும் பொருந்தி வந்தபோதிலும், தமிழ் பேசுவோர் எவரும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதில்லை. ஆயின், கணினி விளையாட்டுத் தொழிலில் இந்த மயக்கம் பல்லாண்டுகளாக வளர்ந்து, அண்மைக் காலத்தில் நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சென்றுவிட்டது. அச்செய்திகளை, விளையாட்டுகளை விரும்பி ஆடுபவன் என்ற முறையிலும் திறனாய்வில் ஈடுபாடு உடையவன் என்ற முறையிலும் ஈண்டு ஆராய விழைகின்றேன்.

தமிழாசிரியர்களும் மாணாக்கரும் படிக்கும் தொகுப்பில் இப்பொருள் இடம்பெறத் தகுமா என வினவுவோர் இருக்கலாம். கதை, பாத்திரம், நிலம், இசை, ஓவியம் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த ஒரு கலைவடிவத்தை நம் மாணாக்கருள் பலர் நாள்தோறும் துய்த்து வருகின்றனர். துய்ப்பது கலையாயின் அதற்குத் திறனாய்வு வேண்டும். திறனாய்வுக்கு மூலபாடம் வேண்டும். சிக்கல் தோன்றுவது இங்கேதான்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் 'தி க்ரூ' என்னும் கார் ஓட்டும் விளையாட்டை வெளியிட்டது. லியோன் நகரின் ஐவரி டவர் என்னும் கலைக்கூடத்தார் அதனை உருவாக்கினர். தன் அண்ணனைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் புறப்படும் இளைஞனின் கதை அது. (இங்கும் ஒரு வாங்குதல்!) கதை நைந்துபோன பழங்கதைதான், உரையாடல்களில் உயிரில்லை. ஆனால் அதன் நிலம் வேறு. அமெரிக்க நாட்டைச் சுருக்கி, கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தொடர்ச்சியாக ஒரே நிலப்பரப்பாக அமைத்திருந்தனர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரோட்டிச் செல்ல ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். நகரத்து வானளாவிகள் பின்னே மறையும், வயல்வெளிகள் வரும், மலையும் பனியும் வரும், பின்னர்ப் பாலை விரியும், இறுதியில் கடல் தோன்றும். பந்தயம் எதிலும் கலந்துகொள்ளாமல், செல்லும் வழியையே நோக்கமாகக் கொண்டு ஓட்டிச் சென்றவர்கள் பலர். நானும் அவர்களுள் ஒருவன். முதல், கரு, உரி என நிலத்தைப் பகுத்துப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகனுக்கு, கதைமாந்தரைவிட நிலமே மிகுதியாகப் பேசும் இத்தகைய படைப்பு அயன்மையாகத் தோன்றாது என்பது என் துணிபு.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்விளையாட்டின் விற்பனையை நிறுவனம் நிறுத்தியது. சர்வர் எனப்படும் நிலையக் கணினிகளின் அமைப்பையும் உரிமங்களின் கட்டுப்பாட்டையும் காரணங்களாகக் கூறியது. 2024 மார்ச் 31ஆம் நாள் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. தனியொருவராக ஆடுவதற்கும் சர்வரின் துணை இன்றியமையாதது என்னும்படி விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தமையால், அன்றோடு அது எவருக்கும் இயங்கவில்லை. வட்டாக வாங்கியவரிடம் வட்டு இருக்கிறது; பெட்டி இருக்கிறது; பெட்டியின் மேல் காரின் படமும் இருக்கிறது. உள்ளே செல்ல வழியில்லை. இதன் பின்னர், கணினிவழி வாங்கியோரின் கணக்கிலிருந்த உரிமமும் நீக்கப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் இதன்பொருட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. வாங்கியோர் பெற்றது விளையாட்டின் உடைமையன்று, அதனை ஆடுவதற்கான வரையறைக்குட்பட்ட உரிமமே என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி இது புதிய கருத்தன்று. மென்பொருள் விற்பனையில் நெடுங்காலமாக நிலவிவருவதே. எனினும், உரிமம் என்பது ஒருவகைக் குத்தகையாயின், குத்தகைக்குக் காலவரையறை வேண்டாமா? சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை வாங்குவோர் அனைவரும் அது 99 ஆண்டுக் குத்தகை என்பதை அறிந்தே வாங்குகின்றனர். எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிட்டு விலை பேசுகின்றனர். 'தி க்ரூ'வை வாங்கியவருக்குச் சொல்லப்பட்ட ஆண்டு எது? எதுவுமில்லை. குத்தகையின் முடிவுநாளைக் குத்தகைக்கு விட்டவரே, தாம் விரும்பிய பொழுது, பின்னர் எழுதிக்கொண்டார். இதனை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதைச் சொல்லாராய்ச்சியில் வல்ல ஆசிரியப் பெருமக்களிடம் விட்டுவிடுகின்றேன். 'இரவல்' என்பதுகூடப் பொருந்தாது. இரவலுக்குப் பணம் கொடுப்பாரில்லை.

2024 ஜனவரியில், அந்நிறுவனத்தின் சந்தாப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் திரம்ப்ளே ஒரு நேர்காணலில், விளையாட்டுகளை உடைமையாகக் கொள்ளாதிருப்பதற்கு ஆடுவோர் பழகிக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். பலர் சினந்தனர். சந்தா முறை பெருகுவதற்கு எத்தகைய மனமாற்றம் வேண்டும் என்ற வினாவுக்கு அவர் கூறிய விடை அது என்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். ஆயினும் மூன்று திங்களுக்குள் 'தி க்ரூ' மறைந்தபோது, அச்சொற்கள் முன்னறிவிப்பைப் போல் ஒலித்தன.

கலிபோர்னிய மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மின்னியல் பொருளை விற்போர், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகத் தெரிவிக்காமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். ஸ்டீம் என்னும் இணையக் கடை, பணம் செலுத்தும் இடத்தில் இத்தகைய குறிப்பை 2024 அக்டோபரிலேயே சேர்த்துவிட்டது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காப்பதற்குச் சட்டமொன்று இயற்றப்பட்டது என்னும் செய்தி மொழியாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். எனக்கும் தந்தது. ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், சொல்தான் திருத்தப்பட்டதேயன்றிச் செயல் திருத்தப்படவில்லை. 'இது உன்னுடையதன்று' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னர் எடுத்துக்கொள்வது குற்றமாகாது என்பதே அச்சட்டத்தின் நடைமுறைப் பயன்.

செயலைத் திருத்த முனைந்தது வேறோர் இயக்கம். ராஸ் ஸ்காட் என்னும் காணொளிப் படைப்பாளர், விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள் எனப் பொருள்படும் பெயருடன் 2024 ஏப்ரலில் அதனைத் தொடங்கினார். சர்வர்களை என்றென்றும் இயக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில், வாங்கியோர் தாமாகவே ஆடக்கூடிய நிலையில் விளையாட்டை விட்டுச் செல்லுமாறு கேட்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்களின் முறையீடாக இதற்குத் திரட்டப்பட்ட கையெழுத்துகள், 2025 ஜூலை 31ஆம் நாள் 1.4 மில்லியனைக் கடந்திருந்தன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் 2025 நவம்பரில் இது விவாதிக்கப்பட்டது. நுகர்வோர் சட்டத்தை மாற்றும் எண்ணமில்லை என்பது அந்நாட்டு அரசின் நிலைப்பாடாக இருந்தது.

தொழில்துறையினர் கூறும் மறுப்பையும் கேட்க வேண்டும். தனியார் சர்வர்களில் ஆடுவோரின் தரவுகளைக் காக்க முடியாது, சட்டத்துக்குப் புறம்பான உள்ளடக்கத்தை நீக்க முடியாது, பல விளையாட்டுகள் இணையத்துக்கெனவே வடிவமைக்கப்பட்டவை, கட்டாயப்படுத்தினால் செலவு மிகும் என்பன அவர்தம் வாதங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஒரே நேரத்தில் கூடி ஆடும் விளையாட்டுக்கு இவற்றுள் சில பொருந்தும் என்றே கருதுகின்றேன். நள்ளிரவில் தனியொருவன் பாலைவனத்தில் கார் ஓட்டுவதற்கு இவற்றுள் எது பொருந்தும்? வெலான் என்னும் சிறிய கலைக்கூடம், 'நாக்அவுட் சிட்டி' என்னும் தன் விளையாட்டை 2023 ஜூனில் நிறுத்தியபோது, ஆடுவோர் தாமே சர்வர் அமைத்துக்கொள்ளத்தக்க பதிப்பொன்றை இலவசமாகவே அளித்தது. யூபிசாஃப்ட்டும் எதிர்ப்பு எழுந்தபின், 'தி க்ரூ 2' விளையாட்டை இணையமின்றி ஆடுவதற்கு 2025இல் வகைசெய்தது. ஆகவே இயலாது என்ற பேச்சுக்கு வலுவில்லை.

இதுவரை கூறியவை நுகர்வோரின் வழக்கு. அவ்வழக்கு நியாயமானது. எனினும், வாசகனின் வழக்கு அதனினும் வேறு என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். சோனி நிறுவனத்தின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் வெளிவந்தது; ஆடுவோர் மிகக் குறைவாக இருந்தமையால் செப்டம்பர் 6ஆம் நாள் நிறுத்தப்பட்டது. பதினான்கே நாள்! வாங்கியோருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. நுகர்வோர் என்ற முறையில் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் கலைஞர்கள் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய அப்படைப்பு நல்லதா தீயதா என்று இனி எவர் சொல்வார்? தோல்வியுற்ற நாவலும் நூலகத்தில் தூசு படிந்து கிடக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதனை எடுத்து, அக்காலத்தார் பிழைபட மதிப்பிட்டனர் என்று எழுதக்கூடும். அந்த மறுமதிப்பீட்டுக்கான வாயில் கான்கார்டுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. இவ்வாறே, கோனாமி நிறுவனம் 2014இல் இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்னும் குறு விளையாட்டு, அச்ச உணர்வைப் படைத்துக்காட்டிய விதத்தால் பெரிதும் பேசப்பட்டது. 2015இல் அது கடையிலிருந்து அகற்றப்பட்டது. ஒரு காசும் வாங்காமல் கொடுத்ததை எடுத்துக்கொண்டனர், எவரும் ஏமாற்றப்படவில்லை. இழப்பு மட்டும் இருக்கிறது. நுகர்வோர் சட்டம் எதனாலும் இவ்விழப்பை அளக்க முடியாது.

திறனாய்வு மீண்டும் மீண்டும் படித்தலில் பிறப்பது. ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால், மற்றொருவர் அதே பாடலை எடுத்துப் பார்த்து மறுக்க இயலவேண்டும். 'தி க்ரூ'வின் கதை நைந்தது, நிலம் சிறந்தது என்று மேலே எழுதினேன். இதனை வாசிக்கும் மாணாக்கர் ஒருவர் அதனை எவ்வாறு சரிபார்ப்பார்? பிறர் ஆடியதைப் பதிவுசெய்த காணொளிகள் இருக்கின்றன. ஆனால் எந்தச் சாலையில் திரும்புவது, எங்கே நிறுத்திச் சுற்றிப் பார்ப்பது என்பதைத் தானே முடிவு செய்வதில்தான் அப்படைப்பின் சுவை இருக்கிறது. காணொளியைப் பார்ப்பது உரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தை அறிந்ததாகக் கூறுவதற்கு ஒப்பாகும்.

நாடகமும் நடித்து முடிந்தவுடன் மறைந்துவிடுகிறதே, அதனை எவரும் கொலை என்று சொல்லவில்லையே எனச் சிலர் கேட்கின்றனர். கேட்கத்தக்க வினாதான். நாடகத்தில் மறைவது ஒருநாள் நிகழ்ச்சி. நாடகப் பிரதி எஞ்சுகிறது. வேறொரு குழுவினர் அதனை மீண்டும் மேடையேற்றலாம். இங்கே பிரதியையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றனர்.

அமெரிக்காவில், வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன்னர் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு கடைகளில் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்க இசைவு வேண்டிய முறையீட்டை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்கவில்லை. ஆய்வாளர் என்னும் பெயரில் பொழுதுபோக்காக ஆடிவிடுவர் என்பது எதிர்த்தோரின் அச்சம். நாவலை இன்பத்துக்காகப் படிப்பவரை நூலக வாயிலில் நிறுத்தி வைப்பார் உண்டோ?

சட்டம் கைவிட்ட இடத்தில் ஆர்வலர்கள் முன்வந்தனர். 'தி க்ரூ'வின் சர்வர் செய்துவந்த பணியைத் தாமே ஆராய்ந்து கண்டு, அதற்கு ஈடான மென்பொருளை உருவாக்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டனர். கணினியில் விளையாட்டின் கோப்புகளை வைத்திருந்தோர் மீண்டும் அந்நிலத்தில் காரோட்டத் தொடங்கினர். ஒரு படைப்பின் வாழ்வு, படைத்த நிறுவனத்தால் கைவிடப்பட்டு, ஊதியம் பெறாத சிலரின் விடாமுயற்சியைச் சார்ந்திருப்பது மகிழ்வதற்குரியதா வருந்துவதற்குரியதா என எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கலைக்கூடம் 2008இல் தொடங்கப்பட்டது. அக்கூடத்தின் தலைமையில் உருவான 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்னும் கடற்கொள்ளையர் விளையாட்டு, 2017இல் அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024 பிப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்தது. அதன் களம் இந்தியப் பெருங்கடல். ஆப்பிரிக்கக் கரையும் நம் பக்கத்துக் கிழக்கிந்தியத் தீவுகளும் அதில் இடம்பெறுகின்றன. நிறுவனத் தலைவர் அதனை நான்கு 'ஏ' தரத்துப் படைப்பென்று புகழ்ந்தார். திறனாய்வாளர் பலர் அவ்வாறு கருதவில்லை. நானும் கருதவில்லை. கப்பலைச் செலுத்துதல் இனிது. கரையில் இறங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தீவில் ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட ஒரு பெரும்படைப்பு என்ற வகையில், அதனை நம் பேரப்பிள்ளைகள் ஆடிப் பார்த்து, என் கருத்து தவறென்று சொல்வதற்கு உரிமையுடையவர்கள். அதுவும் எப்பொழுதும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டிய விளையாட்டாகவே வெளிவந்தது. அதன் வட்டை எந்த நூலகமும் அடுக்கில் வைக்கலாம். சர்வர் நிறுத்தப்படும் நாளில் அக்கப்பல் துறையை விட்டு நகராது.