எளிமைக்கு வேண்டிய முதல்

எளிமையாக எழுதுவது சுலபம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. கதை எழுத வருகிற இளைஞர்கள் பலரிடம் இதைக் காண்கிறேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், பேச்சில் வழங்குகிற சொற்கள், இவ்வளவு இருந்தால் எளிய நடை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இலக்கணம், பழைய நூல்கள், சங்கீதம், சரித்திரம் எல்லாம் பண்டிதர்களுக்கு ஆனவை. கதைக்காரனுக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். பண்டிதர்கள் பக்கத்திலோ வேறொரு நம்பிக்கை. ஒருவன் கற்றதெல்லாம் அவன் எழுத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கற்றதற்கு என்ன அடையாளம் என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சிக்கும் பதிலாக ஒரே ஒரு புஸ்தகத்தை எடுத்து வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'.

1940-ல் அது ஆனந்த விகடனில் வரத் தொடங்கியபோது ஐயருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. 1950-ல் புஸ்தகமாயிற்று. தொடர்கதையும் ஹாஸ்யத் துணுக்கும் படிக்கிற பத்திரிகையில் ஒரு தமிழ் வித்வான் தம் படிப்பின் கதையைச் சொல்ல, சாதாரணக் குடும்பங்கள் அதை வாரம் தவறாமல் படித்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமையே உண்டாகிறது. ஒரு திண்ணை, ஒரு வண்டிப் பிரயாணம், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வறுமை, அந்த வறுமையிலும் குறையாத அவருடைய கொடைக் குணம் ஆகியவற்றை இரண்டு மூன்று வாக்கியங்களில் கண்முன் நிறுத்திவிடுகிறார். அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் மிகவும் குறைவு.

ஆனால் அவர் இந்த நடையில் எழுதத் தொடங்கியவர் அல்ல. அவர் 1887-ல் வெளியிட்ட சீவக சிந்தாமணியின் முகவுரையைப் பாருங்கள். சந்தி பிரியாத சொற்கள், மூச்சு வாங்குகிற வாக்கியங்கள். அந்தக் காலத்து வித்வான்கள் எல்லாரும் எழுதிய நடைதான். அங்கிருந்து 'என் சரித்திர'த்துக்கு வந்து சேர அவருக்கு ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதியதால்தான் நடை எளிதாயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். சொல்லி எழுதுவிப்பதில் இருக்கிற அபாயம் வளவளப்பு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற நிதானம் எழுதிக்கொள்கிறவர் கையில் இல்லை. சொல்கிறவர் மனசில்தான் இருக்கிறது.

அந்த நிதானத்துக்கு அவர் போட்ட முதல் என்ன? 1871-ல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்து, 1876-ல் ஆசிரியர் மறையும்வரை பாடம் கேட்டார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே வருஷம் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்ததில்லை. அப்புறம் முதலியாரே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

இந்தச் சந்திப்பைத் தமிழ் இலக்கியத்தின் திருப்பம் என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது. எனக்கு இதில் வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. அன்றுவரை அவர் கற்றது ஏராளம்; ஆனால் அது குவியலாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் கற்றதெல்லாம் ஒரு வேலை கேட்டதற்காகக் கற்றது. சிந்தாமணி ஜைன காவியம். ஆகையால் கும்பகோணத்து ஜைனர்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் மதத்தைப் பாடம் கேட்டார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் மலிந்திருக்கின்றன. இன்ன நூல் என்று உரைகாரர் சொல்வதில்லை. எனவே அந்த நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் எது, நெடில் எது என்றும் பல இடங்களில் தெரியாது. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையைப் பழகிக்கொண்டார். அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துவதையும், செலவுக்குக் கையொப்பம் சேர்ப்பதையும்கூடக் கற்றுக்கொண்டார். மணிமேகலைக்குப் பௌத்தம் வேண்டியிருந்தது. கல்லூரியில் உடன் இருந்த ரங்காசாரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

முன்பு குவித்த அந்தாதியும் கலம்பகமும் வீணாயினவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான செய்யுட்களைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான், ஏட்டில் ஓர் அசை விழுந்திருந்தால் சட்டென்று உறுத்தும். சங்கீதமும் அப்படித்தான். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். மாயூரத்தில் ஐயர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச காலம் சங்கீதம் பயின்றார். ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். அது அத்தோடு போய்விடவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் சரித்திரங்களை எழுதியபோது அது உதவிற்று. ராக லக்ஷணம் பேசி நம்மை மிரட்டுவதில்லை. எந்தச் சபையில் எந்தப் பாட்டு ஏன் எடுபட்டது என்று, சங்கீதம் தெரியாதவனுக்கும் புரியும்படி சொல்கிறார்.

1898-ல் வந்த மணிமேகலைப் பதிப்பிலும் இந்தக் குணம்தான் இருக்கிறது. பௌத்தம் அறியாத வாசகனுக்காகப் புத்தர் சரித்திரத்தை வசனத்தில் எழுதிச் சேர்த்தார். மூலம் நம் கண்ணெதிரே தெளிவாக நிற்கிறது. ஏடுகளின் பாடபேதங்கள் அடிக்குறிப்பில் அடங்கிவிடுகின்றன. வருஷக்கணக்கான உழைப்பு பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. 'என் சரித்திர'த்தில் அந்தச் சிறு எழுத்துக்கூட இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த எளிமைக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் விமரிசனமாகாது. சிந்தாமணி வெளிவந்த பிறகு அதைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. அந்தக் கண்டனப் புயலை அவர் சொல்லும்போது குரல் உயருவதே இல்லை. அவர் உள்ளே எப்படிக் கொதித்தார் என்று அறிய ஆசைப்படுகிற நாவலாசிரியனுக்கு அந்த மரியாதை ஏமாற்றமாகவே இருக்கிறது. வீட்டிலுள்ள பெண்களும் கதையில் ஓரமாகவே வந்து போகிறார்கள். வேலைக்கு வேண்டாதது என்று அவர் நினைத்ததை விலக்கினார். வாழ்க்கைக்கு வேண்டிய சிலதும் அதோடு சேர்ந்து விலகிவிட்டது.

ஆயினும் அவர் விட்டது தெரிந்து விட்டது. இதுதான் நான் வற்புறுத்த விரும்புகிற விஷயம். பத்து விஷயம் தெரிந்தவன் ஒன்பதை ஒதுக்கி ஒன்றைச் சொன்னால், அந்த ஒன்றில் மற்ற ஒன்பதின் கனமும் இருக்கும். ஒன்றே தெரிந்தவன் அந்த ஒன்றைச் சொன்னாலும் வாக்கியம் அதே நீளம்தான்; படித்து மூடியதும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வாசகர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமற் போனால், தெளிவான எழுத்தையும் வெற்று எழுத்தையும் ஒரே தட்டில் வைக்கப் பழகிவிடுவோம். பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எந்த எழுத்தாளனுக்கும் இருக்காது.

சந்தேகம் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். 'என் சரித்திர'த்தில் முன்சீப் முதலியாரைச் சந்தித்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஏதாவது ஒரு நூல் நிலையத்தில் ஐயர் பதிப்பித்த சிந்தாமணியை வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். அத்தியாயத்தைப் படிக்கக் கால்மணி ஆகும். அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல அவர் என்ன கொடுத்தார் என்பது அந்தப் பத்துப் பக்கத்தில் தெரியும்.