யாருக்கு யாரு அவார்டு குடுத்தாங்க?

திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை என்று ஒரு ஊர். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தினசரியை நாலு பேர் பிரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் பங்குக்கு வந்தது நடுப்பக்கம்.

பக்கம் முழுக்க ஒரே போட்டோ. கோட்டு போட்ட நடிகர், கையில் பளபளவென்று ஒரு கேடயம், பக்கத்தில் பத்திரிகை முதலாளி. பின்னால் பத்திரிகையின் பெயர், அதற்கும் மேலே ஒரு நகைக்கடையின் பெயர். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தோன்றுகிற எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பொருந்தும்.

பக்கத்தில் இருந்த நெசவுக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"சார், இதுல யாருக்கு யாரு அவார்டு குடுத்தாங்க?"

"பேப்பர்காரங்க நடிகருக்குக் குடுத்திருக்காங்க பெரியவரே."

"அப்படித் தெரியலையே... பேப்பர்காரர் மூஞ்சியிலதானே சந்தோஷம் வழியுது!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பெரியவரின் கேள்வி பஸ் ஏறி என் கூடவே வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். விருது விழா என்றால் ஹால் வாடகை, லைட்டு, டான்ஸ், சாப்பாடு என்று செலவு. அந்தப் பணம் விளம்பரதாரரிடமிருந்தும் டி.வி. உரிமையிலிருந்தும் வர வேண்டும். நட்சத்திரம் வந்தால்தான் டி.வி. வாங்கும். சும்மா வந்து கைதட்டிவிட்டுப் போக நட்சத்திரத்துக்கு என்ன தலையெழுத்து? ஆகவே வருகிறவருக்கெல்லாம் ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டிய நெருக்கடி. சிறந்த நடிகர் ஒருவர்தான் இருக்க முடியும். கவலையில்லை... மக்களின் அபிமான நடிகர், ஸ்டைல் நாயகன், இந்த ஆண்டின் பொழுதுபோக்காளர் என்று புதுசு புதுசாகப் பட்டியல் போட்டால் போயிற்று.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குடும்பத்துப் பத்திரிகையான ஃபிலிம்ஃபேர் 1954 மார்ச் 21 அன்று பம்பாய் மெட்ரோ தியேட்டரில் முதல் விழாவை நடத்தியபோது மொத்தமே ஐந்து பரிசுகள்தான். வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அதே 1954-ல்தான் அரசாங்கமும் முதல்முறையாக பாரத ரத்னா கொடுத்தது. ராஜாஜி, சர் சி.வி.ராமன், அப்புறம் இதே திருத்தணி மண்ணில் பிறந்த ராதாகிருஷ்ணன் என்று மூன்றே பேர். நாட்டுக்கு மூன்று, சினிமாவுக்கு ஐந்து. இன்று ஃபிலிம்ஃபேர் பட்டியல் முப்பதைத் தாண்டிவிட்டது. எதுவும் மலிந்தால் மவுசு குறையும் என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

மலிந்ததற்கு ஒரு விலையும் இருந்திருக்கிறது. 'பாபி' வந்த சமயத்தில் 30,000 ரூபாய் கொடுத்து ஒரு விருதை வாங்கியதாக ரிஷி கபூரே 2017-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதினார். அப்போது அவர் இருபதைத் தாண்டிய பையன். வாங்கியதைவிட, நாற்பது வருஷம் கழித்தாவது அதை ஒப்புக்கொண்டதற்கு அவருக்கு ஒரு கேடயம் தரலாம்.

இன்னொரு நடிகர் வேண்டாமென்று சொன்னார். வில்லன் நடிகர் பிரான். 1973-ல் 'பே-இமான்' படத்துக்காக அவருக்கு ஃபிலிம்ஃபேரின் சிறந்த துணை நடிகர் விருது. 'பாக்கீஸா'வுக்கு இசையமைத்த குலாம் முகமதுவுக்குப் போக வேண்டிய இசை விருதை வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, பிரான் தன் விருதை மறுத்துவிட்டார். இசை விருது போனது எந்தப் படத்துக்குத் தெரியுமா? அவருடைய அதே 'பே-இமானு'க்கு! குலாம் முகமது, படம் வெளிவருவதற்கு முன்பே, 1968-ல் இறந்துபோனவர். மேடைக்கு வர முடியாத ஒருவருக்காக, வரச்சொல்லி அழைப்பு வந்த ஒருவர் பேசினார். திரையில் வில்லன்!

இங்கே லண்டன் வரை ஒரு நடை போய்வரலாம். டீக்கடையில் தினசரி படிக்கிற பழக்கத்துக்கே லண்டனோடு ஒரு உறவு உண்டு. அங்கே சட்டம் படித்த சி.பா.ஆதித்தனார், 'டெய்லி மிரர்' சாமானியர் கையிலெல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் 1942-ல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். அந்த மிரர் 1999-லிருந்து ஒரு விருது விழா நடத்துகிறது. அதில் ஒரு தலைகீழ் ஏற்பாடு. விருது வாங்குகிறவர் உயிரைக் காப்பாற்றிய யாரோ ஒருவர், நோயோடு போராடிய ஒரு குழந்தை. எடுத்துக் கொடுப்பதுதான் நட்சத்திரத்தின் வேலை. கூட்டம் சேர்க்க நட்சத்திரம் வேண்டும்தான். ஆனால் கேடயம் யாரோடு வீட்டுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

உடனே மயங்கிவிடாதீர்கள். இளவரசர் ஹாரி போட்ட வழக்கில், மிரர் குழுமப் பத்திரிகைகள் போன் ஒட்டுக்கேட்பு உள்ளிட்ட சட்டவிரோத வழிகளில் செய்தி சேகரித்ததாக 2023 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1,40,600 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நல்ல விருது கொடுத்தால் பத்திரிகையின் பாவம் கழுவப்பட்டுவிடாது. விருது வேறு, வேலை வேறு.

பத்திரிகையின் வேலை என்ன? நல்லதை நல்லது என்றும் சொத்தையைச் சொத்தை என்றும் உங்களுக்குச் சொல்வது. 1977-ல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. மேடை இல்லை, சால்வை இல்லை, நகைக்கடை இல்லை. விமர்சனத்தின் கீழே ஒரு நம்பர், அவ்வளவுதான். இன்றைக்கும் சினிமாக்காரர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். காரணம், நூற்றுக்கு மீதி 37.5-ஐத் தராமல் வைத்துக்கொள்ளும் தைரியம் அந்தப் பேனாவுக்கு இருந்தது. அடுத்த வருஷ விழாவுக்கு நடிகர் வர வேண்டுமே என்று பயப்படுகிற பத்திரிகைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? இதில் நஷ்டம் நடிகருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. விமர்சனத்தை நம்பி டிக்கெட் வாங்குகிற உங்களுக்குத்தான்.

அடுத்த முறை இப்படி ஒரு போட்டோவைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நடுவர்கள் யார் என்று போட்டிருக்கிறார்களா? விழாவுக்கு வராதவர் யாருக்காவது விருது உண்டா? விருது வாங்கியவரின் அடுத்த படம் சொதப்பினால், அதே பத்திரிகை அப்படியே எழுதுகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நானும் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

டீக்கடையை விட்டுக் கிளம்பும்போது பெரியவருக்குப் பஜ்ஜி வந்தது. கடைக்காரர் அந்த நடுப்பக்கத்தையே கிழித்து, அதில் வைத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறி நடிகர் முகம் போயிற்று, கேடயம் போயிற்று, பத்திரிகையின் பெயரும் மங்கிவிட்டது.

நகைக்கடையின் பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.