ஒலிமட்டம் என்னும் பாடத் தேர்வு: வடதமிழகக் கூத்துப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கூத்தை ஒலிப்பதிவு செய்யும்போதும், பதிவுகளை ஒன்றாகக் கலக்கும்போதும் முடிவுசெய்யப்படும் ஒலிமட்டம் பெரும்பாலும் கருவி இயக்குபவரின் பொறுப்பாகவே கருதப்படுகிறது. அது பாடத் தேர்வுக்கு இணையான ஆய்வு முடிவு என்பதையும், அம்முடிவைக் குறித்து வைக்காத ஒலிக்கோப்பு சான்றாகும் தகுதியில் குறைவுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை உத்திரமேரூர் வட்டாரக் கூத்தை முன்வைத்து விளக்குகிறது.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலும், அதனை அடுத்த செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளிலும் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவை ஒட்டிப் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு முழுதும் கூத்தும் நிகழ்கின்றன. தெருக்கூத்து எனவும் கட்டைக்கூத்து எனவும் வழங்கும் இக்கலை, ரிச்சர்டு ஃபிராஸ்கா (1990), ஹன்னே டி புருயின் (1999) ஆகியோரின் நூல்களால் உலகளாவிய ஆய்வுக் கவனம் பெற்றது. 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் கலைஞர்களின் அமைப்பாக வளர்ந்தது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் கூத்தைப் பதிவு செய்ய இயலும். ஆய்வாளரும் அத்தகைய பதிவுகளைக் கேட்டே பாடலை எழுத்தாக்குகின்றனர். அப்பதிவு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

களத்தின் ஒலியமைப்பு

கூத்துக்களத்தின் பின்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை ஆகியவற்றை இசைப்போர் அமர்கின்றனர். முகவீணையின் ஒலி கூர்மையானது. திறந்தவெளியிலும் தனித்துக் கேட்கக்கூடியது. அதற்கு ஈடுகொடுத்து, களத்தின் விளிம்பில் அமர்ந்திருப்பவரையும் எட்டுமாறு நடிகர் உச்சக் குரலில் பாடுகிறார். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகின்றனர். வேடதாரி திரைக்குப் பின்னிருந்து பாடித் தொடங்கி, திரை விலகியபின் முன்வருகிறார். காற்சலங்கை அடவின் கணக்கை உணர்த்துகிறது. ஆகவே அண்மை – சேய்மை, ஓங்கல் – தாழ்தல் என்னும் வேறுபாடுகள் இக்கலையில் பொருள் தருபவை. பாடலின் சொற்களைப் போலவே அவையும் பனுவலின் கூறுகளாகும்.

பதிவு மட்டம்

எண்முறைப் பதிவில் உச்சவரம்பு ஒன்று உண்டு. அது பூஜ்ஜிய டெசிபெல் எனக் குறிக்கப்படும். அதனைத் தாண்டும் அலையின் முகடு வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலை மூலத்தில் இல்லாத மேலொலிகளைத் தோற்றுவிப்பதால் குரல் கரகரப்பாகக் கேட்கிறது. பின்னர் ஒலியைக் குறைத்தாலும் இழந்த முகடு மீள்வதில்லை. மாறாக, மட்டத்தை மிகத் தாழ்த்தினால் தாழ்குரல் வசனம் கருவியின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. 16 பிட் பதிவின் கோட்பாட்டளவிலான ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். 24 பிட் பதிவுக்கு அது 144 டெசிபெல். எனவே 24 பிட்டில், சராசரி ஒலியை உச்சவரம்புக்கு 18 டெசிபெல் கீழும், உரத்த முகடுகளை 6 டெசிபெல்லேனும் கீழும் நிறுத்துவது பாதுகாப்பான நடைமுறை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஆய்வாளர் நன்கறிந்தவை. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும்போது மை மிகுந்தால் எழுத்தின் பள்ளம் நிரம்பிவிடும். குறைந்தால் எழுத்தே புலப்படாது. இரண்டுமே வாசிப்பைப் பிழையாக்கும். ஒலிமட்டத்தின் நிலையும் இதுவே. கூத்துக் குரல் வெறும் கத்தல் என்னும் மதிப்பீட்டை, முகடு வெட்டுப்பட்ட பதிவு வகுப்பறையில் எளிதாக உறுதிப்படுத்திவிடும். அங்குக் கேட்கும் கரகரப்பு நடிகருடையதா, கருவியுடையதா என்பதை மாணவர் பிரித்தறிய வழியில்லை.

கைப்பேசிகளிலும் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளிலும் உள்ள தானியங்கு மட்டக் கட்டுப்பாடு இன்னொரு திரிபை விளைவிக்கிறது. முகவீணை ஓங்கும்போது அது மொத்த ஒலியையும் தாழ்த்துகிறது. நடிகர் இடைவெளி விடும்போது உயர்த்துகிறது. துகிலுரிதல் கூத்தில் பாட்டு ஓய்ந்து திரௌபதியின் புலம்பல் தாழ்குரலில் தொடங்குமானால், பதிவில் அது பாட்டுக்கு நிகரான உரப்புடன் ஒலிக்கும். இடைவெளியின் அமைதியில் ஜெனரேட்டர் ஓசையும் பார்வையாளர் பேச்சும் மேலெழும். அமைதியாக இருந்த அவை இரைச்சல் மிக்க அவையாக ஆய்வேட்டில் இடம்பெறக்கூடும்.

தொலைவும் இக்கணக்கில் சேரும். திறந்தவெளியில் ஒலிமூலத்துக்கும் மைக்குக்கும் இடைப்பட்ட தொலைவு இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அடவு ஆடியபடி அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகும் நடிகரின் குரல் பதிவில் 12 டெசிபெல் தாழ்கிறது. அது நடிகரின் குரலேற்ற இறக்கமன்று.

கலவையும் பதிப்பும்

பல மைக்குகளின் பதிவுகளைக் கலக்கும்போது நடிகர் குரலை உயர்த்திப் பிறவற்றைத் தாழ்த்துவது வழக்கம். பாடலை எழுத்தாக்க அது உதவுகிறது. எனினும் பின்பாட்டு மங்கிய எதிரொலியாகவும், முகவீணை வெறும் பின்னணியாகவும் சுருங்கிவிடுகின்றன. இசைக்குழு துணைநிலையில் மட்டுமே இயங்குகிறது என்னும் முடிவை அத்தகைய கலவையிலிருந்து பெறுவது, தானே அமைத்த சான்றிலிருந்து முடிவைப் பெறுவதாகும். தொலைவு மைக்கைச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 17 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் தாளம் நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி விழும். சரிசெய்யாவிடில் தாளம் இரட்டித்துக் கேட்கும்.

ஒளிபரப்புக்கென ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை, நிகழ்ச்சியின் சராசரி உரப்பை −23 எல்.யூ.எப்.எஸ். என வரையறுக்கிறது. கோப்பு முழுமைக்கும் ஒரே அளவாக ஒலியைக் கூட்டிக் குறைத்து இவ்வளவை எட்டினால் உள்வேறுபாடுகள் சிதையா. ஒலிவீச்சை நெருக்கி எட்டினால், இரவு முழுதும் படிப்படியாக வளரும் கூத்து ஒரே உரப்பில் தட்டையாகிவிடும்.

ஒலிபெருக்கி குறித்த மறுப்பு

ஊர்மக்கள் கேட்பதே கூம்பு ஒலிபெருக்கியின் ஒலிதான். ஆதலால் அதன் கரகரப்பும் கூத்தின் இன்றைய இயல்பே என வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மைக்கை நோக்கி நடிகர் நகர்வதே இன்று களத்தின் நடமாட்டத்தை ஓரளவு வரையறுக்கிறது. ஒலிபெருக்கியை நீக்கிய தூய பதிவு, நிகழாத கூத்து ஒன்றைப் புனைவதாகிவிடும். ஆயினும் இவ்வாதம் ஒலிபெருக்கியின் திரிபை ஆவணப்படுத்தவே இசைவளிக்கிறது. அதனோடு பதிவுக் கருவியின் திரிபும் கலப்பதற்கு அன்று. களத்தருகே ஒரு பதிவும் பார்வையாளர் இடத்தில் ஒரு பதிவும் தனித்தனியே இருந்தால் மட்டுமே இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும்.

முடிவுரை

உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளைக் காட்டிய நெறியைத் தமிழாய்வு ஏற்றுக்கொண்டுள்ளது. கலக்கப்படாத மூலப்பதிவு சுவடிக்கும், கலவை பதிப்புக்கும் ஒப்பானவை. சுவடியை அழித்துப் பதிப்பை மட்டும் வைத்திருப்பதை எவரும் ஏற்பதில்லை. அந்நெறி ஒலிக்கும் பொருந்தும். மூலப்பதிவு மாற்றமின்றிக் காக்கப்பட வேண்டும். மைக்கின் இடம், தொலைவு, கெயின் அளவு, தானியங்குக் கட்டுப்பாட்டின் நிலை ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கலவையில் எவ்வொலி எத்தனை டெசிபெல் மாற்றப்பட்டது என்பதும் தெரிவிக்கப்பட வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இதற்கு ஒரு பக்கம் போதும். அப்பக்கம் இருந்தால், அதே பதிவைக் கேட்கும் அடுத்த ஆய்வாளர் முந்தைய முடிவைச் சோதிக்கவும் தேவையெனில் மறுக்கவும் இயலும்.