ராஸியின் இரு குழுக்கள்

மருத்துவ ஆய்வுமுறையின் வரலாற்றை எழுதும் நம்மவர் பலர், அபூபக்ர் முஹம்மது இப்னு ஜகரிய்யா அர்ராஸியின் (மறைவு: கி.பி. 925 அளவில்) 'அல்ஹாவீ'யிலுள்ள ஒரு குறிப்பை எடுத்துக்காட்டி, ஒப்பீட்டு ஆய்வு அவரிடமே முழுமை பெற்றுவிட்டதாக எழுதுகின்றனர். அக்குறிப்பை நாம் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

'அல்ஹாவீ' ராஸியின் மறைவுக்குப்பின் அவருடைய ஏடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் 1955 முதல் அதன் அரபு மூலத்தைப் பல பாகங்களாக அச்சிட்டது. 'சிர்சாம்' என்னும் மூளை அழற்சியின் முன்குறிகள் கண்டோரில் ஒரு குழுவினருக்குக் குருதி வாங்கியதாகவும், மற்றொரு குழுவினரை ஓர் உண்மையை அறியும் பொருட்டு வேண்டுமென்றே விட்டுவிட்டதாகவும் அதில் ராஸி குறிக்கிறார். முன்னவர் தப்பினர், பின்னவரை நோய் பற்றிற்று.

சிகிச்சை பெறாதோரையும் உடன்வைத்து நோக்கவேண்டும் என்ற அத்தெளிவு வியப்புக்குரியது. எனினும், குழுவுக்கு எத்தனை பேர்? யாரை எக்குழுவில் சேர்ப்பதென்று எவ்வாறு முடிவுசெய்தார்? குறிப்பில் விடையில்லை. உடல்வலுவைப் பார்த்தே குருதி வாங்குவது அக்கால மருத்துவ மரபு. ராஸியும் அவ்வாறே பிரித்திருந்தால், முதற்குழுவைக் காத்தது சிகிச்சையா, வலுவா? 1835இல் பாரிஸின் பியேர் லூயி நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு, நுரையீரல் அழற்சியில் குருதி வாங்குவதன் பயன் நம்பப்பட்டதைவிட மிகக் குறைவென்று காட்டினார்.

விடுபட்ட கண்ணி 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் தெளிவாகிறது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய அவ்வாய்வில் காசநோயாளர் 107 பேர். பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த தற்செயல் எண்வரிசையே அவர்களைப் பிரித்தது; மருத்துவரின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை. மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் நால்வர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். குழுக்கள் தொடக்கத்தில் ஒத்திருந்தமையால் வேறுபாட்டை மருந்தின்மேல் ஏற்ற முடிந்தது.

ஆகவே ராஸி எழுப்பிய வினா சரியானது. அவர் கண்ட விடைக்கு அச்சான்று போதாது. இதைக் கூறுவது அவரைக் குறைப்பதாகாது. ஜாலீனூஸின் கருத்துகள்மீது ஐயங்களை எழுப்பித் தனிநூலே இயற்றியவர் அவர். ஒரு மருந்தால் பலர் குணமடைந்தனர் என்று எவர் கூறினும், அதை உண்ணாதோர் நிலை யாது, இரு சாராரும் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்று வினவுவோம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பெரியோர் பெயர் சான்றாகாது என்பதே ராஸியிடம் நாம் கற்கவேண்டிய பாடம்.