பதக்கத்துக்குப் பின்னால்: தேசியத் திரைப்பட விருதுகளை எப்படி ரசிப்பது?

தேசியத் திரைப்பட விருது அறிவிப்பு வந்தால் இரண்டு நாளைக்கு அதே பேச்சாக இருக்கும். யாருக்குக் கிடைத்தது, யாரை விட்டுவிட்டார்கள், நடுவர் குழுவில் யார் யார் என்று அலசிவிட்டு மறந்துபோவோம். விருது வரலாற்றை ரசிக்க இந்த அலசல் உதவாது. பரிசு வாங்கிய படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பிரிவில் பரிசு, அந்தப் படம் எதிலிருந்து வந்தது, அது எந்த மண்ணின் கதை என்று பின்னோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் பட்டியல் பேச ஆரம்பிக்கும். ஏனென்றால் விருது என்பது ஒரு கதையைக் கடைசியாகச் சுமந்தவரைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறது. அவருக்கு முன்னால் சுமந்தவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமி இதற்கு நல்ல சான்று. சாத்தூர், விருதுநகர், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரிந்து கிடக்கும் இந்த மானாவாரிக் காட்டின் கதைகள் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை மூன்று முறையேனும் பெற்றிருக்கின்றன: 1981-இன் ‘தண்ணீர் தண்ணீர்’, 2006-இன் ‘வெயில்’, 2019-இன் ‘அசுரன்’.

விருதின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தத் தேடல் எளிதாகும். 1954-இல் இந்த விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் அத்ரேயின் மராத்திப் படமான ‘ஷ்யாம்சி ஆயி’க்குப் போனது. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ தயாரித்த ‘மலைக்கள்ளன்’ அடுத்த சுற்றில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கத்தை வாங்கியது. நடிகர், நடிகைக்குத் தனி விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. அதுவரை படந்தான் பரிசுக்குரியது, ஆள் இல்லை. தயாரிப்பாளர் விண்ணப்பித்தால்தான் படம் போட்டிக்கே போகும். அந்தக் காலண்டர் ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். மொழிவாரியான சிறந்த படத்தின் பரிசு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் சேரும். கதைக்கு வேராக இருந்த நாவலாசிரியருக்கோ நாடகாசிரியருக்கோ அதில் இடமில்லை. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு மூன்று படங்களையும் பாருங்கள்.

‘தண்ணீர் தண்ணீர்’ கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகம். கோவில்பட்டி வட்டாரத்து வறண்ட கிராமமாகச் சொல்லப்படும் அத்திப்பட்டிதான் கதைக்களம். அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் பிரிந்தது. கே. பாலசந்தர் இதைப் படமாக்கியபோது சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. இரண்டாவது விருதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கதை கோமலுடையது, விருது, அந்தக் கதை மேடையிலிருந்து திரைக்கு மாறிய விதத்துக்கு. நாடகத்தில் தண்ணீரின் தொலைவைப் பேச்சில்தான் சொல்ல முடியும். படத்திலோ வெள்ளைச்சாமியின் மாட்டுவண்டி அந்தத் தொலைவை நம் கண்முன் கடக்கிறது. ஊரே திரண்டு கால்வாய் வெட்டுகிறபோது மண்வெட்டி விழுகிற தரையை நாம் பார்க்கிறோம். மேடை நாடகத்தில் அதிகாரியும் ஊர்க்காரரும் எதிரெதிரே நின்று வாதாடலாம். இவர்கள் எதற்காக வாதாடுகிறார்கள் என்பதைத் தரையின் நிறமே சொல்வது திரையில்தான் நடக்கும். பாலசந்தரின் வசனக் கூர்மையைப் புகழ்கிறவர்கள் பலர். இந்தப் படத்தில் வசனம் ஓய்ந்து வண்டி நகரும் இடங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். வறட்சியையும் வறுமையையும் காட்டினால்தானே டெல்லியில் பரிசு கிடைக்கிறது, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். பட்டியல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாதஸ்வரமும் பரதமும் கொண்டாடும் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இலும், சிவாஜியின் கலகலப்பான ‘பட்டிக்காடா பட்டணமா’ 1972-இலும் அதே விருதைப் பெற்றவை. மேலும் ‘தண்ணீர் தண்ணீர்’ வறுமையைப் பற்றிய படமே அல்ல. அத்திப்பட்டிக்காரர்கள் உழைக்கிறார்கள், வழி கண்டுபிடிக்கிறார்கள், தாங்களே கால்வாய் வெட்டுகிறார்கள், ஓட்டுப் போட மறுக்கிறார்கள். அவர்களைத் தோற்கடிப்பது மழையில்லாத வானத்தைவிட அலுவலகம்தான். அரசாங்கம் அரசாங்கத்தின் மீதே குற்றம் சாட்டும் ஒரு படத்துக்குப் பதக்கம் கொடுத்தது என்பதை விருது வரலாற்றின் நல்ல பக்கமாகவே நான் எண்ணுகிறேன்.

‘அசுரன்’ இன்னும் வளமான உதாரணம். கோவில்பட்டி எழுத்தாளர் பூமணியின் ‘வெக்கை’ நாவல் வெளிவந்தது 1982-இல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் ஒரு சிறுவனும் அவனோடு தலைமறைவாகும் தகப்பனும் காட்டிலும் மலையிலும் கழிக்கும் எட்டு நாட்கள்தான் நாவல். வெற்றிமாறன் அதைப் படமாக்கியது 2019-இல். 67-ஆவது தேசிய விருதுகளில் அது சிறந்த தமிழ்ப் படமானது. தனுஷ் சிறந்த நடிகருக்கான விருதை மனோஜ் பாஜ்பாயுடன் பகிர்ந்துகொண்டார். விருது எதற்குக் கிடைத்தது என்று நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆச்சரியமான ஒன்று புலப்படும். தனுஷின் நடிப்பில் நம்மை அசத்துவது சிவசாமியின் இரண்டு வயதுகள்: எதற்கும் கும்பிடு போட்டு ஒதுங்கிப்போகும் நடுவயதுத் தகப்பன், அவனுக்குள் புதைந்து கிடக்கும் இளவயதுக்காரன். இளம்பெண்ணுக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்த செருப்பே அவளுடைய அவமானத்துக்குக் காரணமாகும் அந்த முன்கதையும், பஞ்சமி நிலப் போராட்டமும் நாவலில் இல்லை. அவை படம் சேர்த்தவை. நாவலின் மையம் சிறுவன். படத்தின் மையம் தகப்பன். ஆக, மேடையில் பரிசு வாங்கியது படம் புதிதாகக் கட்டிய பகுதி. அது நின்ற அஸ்திவாரமோ புத்தகத்திலேயே இருக்கிறது: ஓடி ஒளிகிறவர்கள் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள், எதைப் பிடித்துச் சமைக்கிறார்கள், எந்தச் செடியின் மறைவில் படுக்கிறார்கள் என்று பூமணி ஆத்திரமே இல்லாமல் எழுதிச் செல்லும் பக்கங்கள். இது படத்தின் குறை ஆகாது. இரண்டு கலைகள் ஒரே கதையில் வெவ்வேறு வேலை செய்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே விருது எதைக் கண்டது, எதைக் காண வாய்ப்பில்லாமல் போனது என்பது தெரியும். இதே கதை ‘நாரப்பா’வாகத் தெலுங்குக்குப் போனபோது ராயலசீமையில் பொருந்திக்கொண்டது. அந்தப் பயணத்தில் கதை தப்பித்தது; கரிசல்காட்டுப் பேச்சு வழியில் நின்றுவிட்டது.

வசந்தபாலனின் ‘வெயில்’ படத்துக்குப் பின்னால் நாவல் எதுவும் இல்லை. அதை வேறு வகையில் பின்தொடர வேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படத்துக்குப் போன சிறுவனை அப்பா துணியை உரிந்து வெயிலில் கட்டிப்போடுகிறார். அவன் ஊரைவிட்டு ஓடி ஒரு தியேட்டரில் ஆபரேட்டராகிறான். குழந்தைகள் ஆடித் திரியும் வெயிலும், தண்டனையாக விழும் வெயிலும் ஒன்றே என்பதைப் படம் ஒரு வார்த்தை பேசாமல் காட்டுகிறது. வேறெந்த நிலத்திலும் இந்தக் கதைக்கு இந்தச் சூடு வந்திருக்காது.

விருதே அரசியல்தானே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். 1971-க்கான சிறந்த நடிகர் விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தபோதே சர்ச்சை எழுந்தது. 2018-இல் குடியரசுத் தலைவர் சிலருக்கு மட்டுமே கையால் தருவார் என்றதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவுக்கே வரவில்லை. பல மொழிப் படங்களை எடைபோடும் நடுவர்களில் பெரும்பாலோர் வசனத்தைச் சப்டைட்டிலில்தான் வாசிக்கிறார்கள். ஆனால் விருதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இது இடையூறு. ஒரு காலத்தில் எந்தக் கதை எவர் காதுக்கு எட்டியது என்பதற்கான பதிவாக எடுத்துக்கொண்டால், இந்தக் கோணல்களும் படிக்க வேண்டிய செய்திகளே. விருதுக்கு நடைமுறைப் பயனும் இருந்தது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில், விருது பெற்ற மாநில மொழிப் படங்கள் ஞாயிறு மதியங்களில் நாடெங்கும் ஒளிபரப்பாயின. கரிசலை ஒருபோதும் பார்த்திராத வீடுகளுக்குள் அந்த மண் நுழைய அது ஒரு வாசல்.

கடைசியாக, பட்டியலில் இல்லாதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008-க்கான சிறந்த தமிழ்ப் படம் ‘வாரணம் ஆயிரம்’. அதே ஆண்டில்தான் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையைச் சசி ‘பூ’ என்ற படமாக்கினார். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால், அந்த ஆண்டின் நடுவர்கள் எதைத் தேர்ந்தார்கள், எதைத் தாண்டிப் போனார்கள் என்பது பளிச்சென்று தெரியும். உங்கள் தேர்வு வேறாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுதிப் பாருங்கள். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை முதலில் படித்துவிட்டு, அம்ஷன் குமார் அதைப் படமாக்கிய ‘ஒருத்தி’யைப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் பூமணியே இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படத்தையும் தேடிப் பிடியுங்கள். ‘வெக்கை’யை எழுதிய கை கேமராவைத் தன் வசம் எடுத்துக்கொண்டபோது எதை முதலில் காட்ட விரும்பியது என்பதை, ‘அசுரன்’ பார்த்த கண்ணோடு அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.