தொலைந்த பெட்டியும் தொலையாத பழியும்

பயணக் கதைகளில் பெட்டியை அடுக்கியவர் யார் என்று பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பெட்டி காணாமல் போனால் மட்டும் எழுதப்படுகிறது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் முதல் மனைவி ஹாட்லி ரிச்சர்ட்சன் இலக்கிய வரலாற்றுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான்.

1922 டிசம்பர். பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்த அமெரிக்கத் தம்பதி அவர்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த அமைதி மாநாட்டைப் பற்றிச் செய்தி எழுத 'டொராண்டோ ஸ்டார்' பத்திரிகைக்காக ஹெமிங்வே முன்னதாகச் சென்றிருந்தார். ஹாட்லி பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வதாகவும், கிறிஸ்துமஸ் விடுமுறையைப் பனிமலையில் கழிப்பதாகவும் ஏற்பாடு. விடுமுறையிலும் கணவர் எழுதலாமே என்று, அவருடைய கையெழுத்துப் பிரதிகள், தட்டச்சுப் பிரதிகள், கார்பன் படிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எடுத்துவைத்தார் ஹாட்லி. லியோன் ரயில் நிலையத்தில் அந்தப் பெட்டி திருடுபோனது. வெளியே தபாலில் போயிருந்த ஒரு கதையும் வீட்டில் இழுப்பறைக்குள் கிடந்த ஒரு கதையும் தப்பின.

ஹெமிங்வேயின் நினைவுக்குறிப்பு நூலான 'எ மூவபிள் ஃபீஸ்ட்' இதைத் திருட்டு என்றே சொல்கிறது. ஆனால் இலக்கியப் பேச்சில் இன்றுவரை புழங்குவது 'ஹாட்லி தொலைத்த பெட்டி' என்ற தொடர். இலக்கண வகுப்பில் எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொல்வோமே, அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்க்கலாம். திருடியவன் எழுவாயாக வருவதே இல்லை. ஒரே பிரதியையும் அதன் நகலையும் ஒரே அலமாரியில் வைத்திருந்த எழுத்தாளரும் எழுவாய் இல்லை. சுமந்து சென்றவரே எழுவாய் ஆகிறார். அந்த இழப்புதான் ஹெமிங்வேயைப் புதிதாக, இறுக்கமாக எழுதவைத்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. அப்படியானால் அதில் ஹாட்லிக்குப் பங்கு தரவேண்டாமா? தொலைத்த பழி அவருக்கு. விளைந்த நன்மை மேதைமைக்கு.

இதே தம்பதி 1924இலும் 1925இலும் குளிர்காலத்தை ஆஸ்திரியாவின் ஷ்ருன்ஸ் என்ற மலைக் கிராமத்தில், 'டௌபே' விடுதியில் கழித்தார்கள். கணவன், மனைவி, கைக்குழந்தை மூவருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 டாலர்தான் செலவு என்கிறது நினைவுக்குறிப்பு. நூல் முழுவதும் வறுமையும் காதலும் கலந்த ஒரு வாசனை வீசுகிறது. அந்த வறுமையைத் தாங்கிப் பிடித்ததில் ஹாட்லியின் குடும்பச் சொத்திலிருந்து வந்த வருமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது வாழ்க்கை வரலாறுகளைப் படித்தால்தான் புரியும். பனிச்சறுக்கும் எழுத்தும் நடந்துகொண்டிருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டது உள்ளூர்ப் பெண் ஒருத்தி. நினைவுக்குறிப்பில் அவளுக்குச் சில வரிகள் கிடைக்கின்றன. விடுமுறை என்பது யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்று அந்த வரிகளை வைத்தே கேட்கலாம்.

1925 கிறிஸ்துமஸுக்கு ஷ்ருன்ஸுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பாரிஸில் 'வோக்' இதழில் வேலை பார்த்த பாலின் ஃபைஃபர். ஹாட்லியின் தோழி. 1927இல் ஹாட்லிக்கு மணவிலக்கு. அதே ஆண்டு பாலினுடன் ஹெமிங்வேக்குத் திருமணம். ஹெமிங்வே 1961இல் இறந்தார். 1964இல் வெளியான நினைவுக்குறிப்பு, திருமணம் குலைந்ததற்குப் பணக்கார நண்பர்களையும், தோழியாக வந்து கணவனைக் கவர்ந்த பெண்ணையும் காரணமாக்குகிறது. முதல் விடுமுறையில் ஒரு பெண் பெட்டியை இழக்கிறாள். பிந்தைய விடுமுறையில் இன்னொரு பெண் திருமணத்தைக் கெடுக்கிறாள். காளைச் சண்டையையும் போரையும் செய்வினையில் எழுதிய ஓர் ஆண், தன் வீட்டுக்கு வரும்போது மட்டும் செயப்படுபொருளாகிவிடுகிறார்.

இங்கே பதிப்பின் அரசியலையும் கவனிக்க வேண்டும். 1964 பதிப்பைத் தயாரித்தவர் நான்காம் மனைவி மேரி. 2009இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தவர் பாலின் வழிப் பேரன் ஷான் ஹெமிங்வே. தன் மீதும் தவறு உண்டு என்று ஹெமிங்வே எழுதி, முதல் பதிப்பில் விடுபட்ட பகுதிகள் பின்னதில் இடம்பெற்றன. ஒரே மனிதரின் குற்ற உணர்வு, எந்தக் கையில் பிரதி இருந்தது என்பதைப் பொறுத்து நீளவும் குறையவும் செய்கிறது. இரண்டு பதிப்பிலும் மாறாதது ஒன்று: ஹாட்லி மாசற்றவர்.

இந்தப் புகழ்ச்சி நியாயம் வழங்குவதாகப் பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழியும் புகழும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. தவறே செய்யாதவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவர் எதையும் தீர்மானித்தவர் அல்ல என்றும் ஆகிவிடுகிறது. ஆனால் ஹாட்லி தீர்மானித்தார். கணவரும் பாலினும் 100 நாட்கள் பிரிந்திருக்க வேண்டும், அப்போதும் காதல் நிலைத்தால் மணவிலக்குத் தருகிறேன் என்று நிபந்தனை விதித்தவர் அவர். கெடு முடியுமுன்பே அதைத் தளர்த்தியவரும் அவரே. 1933இல் பத்திரிகையாளர் பால் மௌரரை மணந்து, 1979வரை வாழ்ந்தார். பனிமலையில் கண்ணீரோடு நின்ற இளம் மனைவியாக அவர் உறைந்துவிடவில்லை.

அவருடன் நிகழ்த்திய உரையாடல்களைக் கொண்டு ஆலிஸ் சோகோலோஃப் எழுதிய வாழ்க்கை வரலாறு 1973இல் வந்தது. அதன் தலைப்பிலேயே அவர் 'முதல் திருமதி ஹெமிங்வே'. 2011இல் பாலா மெக்லெயின் ஹாட்லியின் குரலில் எழுதிய நாவலின் பெயர் 'த பாரிஸ் வைஃப்'. அவர் பக்கத்தைச் சொல்ல வந்த நூல்களும் மனைவி என்ற வாசல் வழியாகவே நம்மை உள்ளே அழைக்கின்றன.

'கடலும் கிழவனும்' வழியாக ஹெமிங்வேயை அறிந்த தமிழ் மாணவிகள் இந்த நினைவுக்குறிப்புக்கும் ஒருநாள் வந்து சேர்வார்கள். அதன் அழகை மறுக்க வேண்டியதில்லை. படிக்கும்போது ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளலாம்: செலவு யாருடையது, சுமை யாருடையது, சொல் யாருடையது. முதல் இரண்டில் ஹாட்லியின் பெயரைப் பலமுறை எழுத வேண்டியிருக்கும். மூன்றாவது ஏன் காலியாக இருக்கிறது என்பதிலிருந்து நம் விமர்சனத்தைத் தொடங்கலாம்.